காமா கதிர் சொன்னதும் சொல்லாததும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் சென்ற மாதம் ஒரு பழைய தோட்டைக் கொடுத்தேன். அதை உரைகல்லில் தேய்த்து, அருகிலேயே மாற்று, அதாவது தூய்மை, தெரிந்த தங்கத்தையும் தேய்த்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர், கோலாரில் தோண்டிய தங்கம்கூட விண்மீன்கள் மோதி உண்டானதுதானாமே, காமா கதிரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்களாமே என்று கேட்டார். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு எளிதாகத் தலையசைத்திருக்கக் கூடாது.

2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருக்கள்) மோதியதன் ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியையே அதிரவைத்துப் பரவும் அலைகளை, லைகோ, விர்கோ கருவிகள் பதிவுசெய்தன. அதற்கு 1.7 நொடி கழித்து, ஃபெர்மி செயற்கைக்கோள் ஏறக்குறைய 2 நொடி நீடித்த ஒரு காமா வெடிப்பை, அதாவது எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த ஒளியின் வீச்சைக் கண்டது. அந்த வெடிப்பு, மோதலிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீறிட்ட பொருளிலிருந்து வந்ததேயன்றி, தங்கத்திலிருந்து வந்ததல்ல. பட்டறையில் கேட்கும் சுத்தியல் ஓசை வேலை நடக்கிறது என்று சொல்லும், மாற்றைச் சொல்லாது.

மாற்றைச் சொன்னது பிறகு வந்த ஒளி. சுமார் 11 மணி நேரத்துக்குப் பின் சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று அந்த ஒளிப்புள்ளியைப் பிடித்தது. தொடக்கத்தில் நீலமாக இருந்த அது சில நாட்களில் சிவந்தது. சிதறிய பொருளில் அணுக்கருக்கள் நியூட்ரான்களை மளமளவென்று விழுங்கிக் கனத்து, பின் கதிரியக்கத்தால் சிதையும்போது வெளிவரும் ஆற்றல்தான் அதை ஒளிரவைத்தது. லாந்தனைடு போன்ற கனத் தனிமங்கள் நீல ஒளியைத் தடுத்ததால் சிவப்பு மிஞ்சியது. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்த நிறமாலையில் ஸ்ட்ரான்சியம் என்ற கனத் தனிமம் இருப்பதை 2019இல் அடையாளம் கண்டார்கள். 2023 மார்ச் 7 அன்று நிகழ்ந்த இன்னொரு காமா வெடிப்பைத் தொடர்ந்து சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, டெல்லூரியம் என்ற இன்னொரு கனத் தனிமத்தின் தடயத்தைக் கண்டது.

சிதையும் கருக்களும் காமா கதிரை உமிழ்கின்றன என்பது உண்மையே. உரைகல்லின் கோட்டுக்கு நிகரானது அதுதான். ஆனால் தொடக்கத்தில் அதில் பெரும்பகுதி சிதறலுக்குள்ளேயே சிக்கி வெப்பமாகிவிடுகிறது. தப்பி வருவதும் அத்தனை தொலைவைக் கடக்கையில் மிக மங்கிப்போகிறது. எனவே நியூட்ரான் விண்மீன் மோதல் எதிலிருந்தும் அதை இதுவரை நேராகப் பிடித்ததில்லை. விந்தை என்னவென்றால், அதற்கு மிக நெருங்கிய சான்று மோதலே இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 27 அன்று நம் பால்வெளியிலேயே ஒரு காந்த விண்மீன் (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) சீறியபின், பல நிமிடங்கள் தாமதித்து எழுந்து மெல்லத் தணிந்த காமா ஒளியை இன்டெக்ரல் செயற்கைக்கோள் பதிந்துவைத்திருந்தது. அது புதிதாகப் பிறந்த கனத் தனிமங்களின் சிதைவு என்ற விளக்கம் 2025இல்தான் வெளியானது.

தோட்டை வாங்கப் போனபோது இதையெல்லாம் ஆசாரியிடம் சொன்னேன். அப்படியானால் தங்கத்தை இன்னும் உரசிப் பார்க்கவில்லையா என்றார். இல்லை, அதன் உடன்பிறப்புகளைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்றேன்.