எழுந்து நிற்கும் அந்தச் சில நொடிகள்

நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் முகுளம், அதாவது மூளைத்தண்டின் அடிப்பகுதி. படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கீழே இறங்கிவிடும். ஆனாலும் பெரும்பாலோர் மயங்கி விழுவதில்லை. ஏன்?

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள ரத்த அழுத்த உணர்விகள் ஒவ்வொரு துடிப்பையும் முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அங்கே குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் கூடுதலாக வெளிப்படுகிறது. அது தூண்டிவிடும் நரம்பணுக்கள் காபா என்ற இன்னொரு, அடக்கும் வேதிப்பொருளை வெளியிட, ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்பணுக்கள் அடங்குகின்றன. கூடவே மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டு இதயத்தை நிதானமாக்குகிறது. எழுந்து நிற்கும்போது எல்லாம் தலைகீழ்: காபாவின் பிடி தளர்கிறது, குழாய்கள் இறுகுகின்றன. தூண்டும் பொருளில் தொடங்கி அடக்குவதில் முடியும் இந்தச் சங்கிலி எனக்கு அவ்வளவு அழகு.

அப்புறம் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குளோனிடின். இந்த மாத்திரை மூளைத்தண்டின் ஆல்ஃபா-2 ஏற்பிகளில் வேலை செய்து குழாய்களை இறுக்கி இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளின் வேகத்தைக் குறைக்கிறது. திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும். மாணவிகளிடம் இதை ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொல்வேன்: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.