ஹார்னெட்டும் கே-ஹார்னெட்டும்: ஒரே குழலில் சுட்டுப் பார்த்த கணக்கு

என்னுடைய .22 ஹார்னெட் ரைஃபிளின் சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, அதே தோட்டாவின் மாற்று வடிவமான கே-ஹார்னெட்டுக்கு மாற்றியாகிவிட்டது. மாற்றுவதற்கு முன்னால் எடுத்து வைத்த அளவுகளும், பின்னால் அதே குழலில் எடுத்த அளவுகளும் இப்போது கையில் இருக்கின்றன. நான் இருப்பது டெக்சாஸ். இங்கே தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது பலருக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தொட்டாலே ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹார்னெட் பழைய தோட்டா. 1885-இல் வந்த .22 டபிள்யூசிஎஃப் என்ற கருமருந்துத் தோட்டாவை எடுத்து, 1920-களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் வாட்கின்ஸ், வீலன் போன்றவர்கள் புகையில்லா மருந்துக்கு ஏற்றபடி செய்து பார்த்தார்கள். 1930-இல் வின்செஸ்டர் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 45 கிரெய்ன் (சுமார் 3 கிராம்) குண்டு, வினாடிக்கு 2690 அடி என்பது பெட்டியில் வழக்கமாகப் போட்டிருக்கும் வேகம். சத்தம் குறைவு, உதை கிட்டத்தட்ட இல்லை.

தொல்லையெல்லாம் பித்தளைக் கூட்டில்தான். உடல் அடியிலிருந்து நுனிவரை சரிந்துகொண்டே போகும். தோள், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடத்தின் சாய்வு, வெறும் ஐந்தரை டிகிரிக்குச் சற்று மேல். எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. சுடும்போதெல்லாம் பித்தளை அந்தச் சரிவில் முன்னால் நகர்ந்து கழுத்து நீளும், நீண்டதை வெட்ட வேண்டும். சுவரும் மெல்லியது. குண்டை உட்காரவைக்கும்போது கை கொஞ்சம் கோணினால் போதும், கழுத்து நசுங்கிவிடும்.

நியூயார்க் மாநிலத்தில் துப்பாக்கி வேலை செய்த லைசில் கில்போர்ன் 1940 வாக்கில் கொடுத்த விடைதான் கே-ஹார்னெட். உடலின் சரிவைக் குறைத்து, தோளை 35 டிகிரிக்கு நிமிர்த்தினார். குண்டு, விளிம்பு, கழுத்தின் விட்டம் எல்லாம் பழையபடியே.

இதற்கென்று தனிக் கூடு வாங்க வேண்டியதில்லை. சாதாரண ஹார்னெட் தோட்டாவைப் புதிய சேம்பரில் போட்டுச் சுட்டால், அந்த அழுத்தத்திலேயே கூடு உப்பி புது வடிவத்துக்கு வந்துவிடும். ஹார்னெட்டுக்கு அடியில் விளிம்பு இருப்பதால் தோட்டா சேம்பருக்குள் விளிம்பைப் பிடித்தே நிற்கிறது. தோள் எங்கே இருந்தாலும் கவலையில்லை. விளிம்பில்லாத .280 அக்லி மாதிரியான தோட்டாக்களில் இதே வேலைக்குச் சேம்பரின் நீளத்தை நூலிழை பிசகாமல் பார்க்க வேண்டும்.

முதல் கூடு வெளியே வந்தபோது கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைச் சுற்றி மெல்லிய கரி வளையம், அதற்குக் கீழே கத்தியால் செதுக்கியதுபோல் தோள். பழைய கூடுகள் சிலவற்றில் கழுத்து பிளந்தது. மீதியைச் சூடுகாட்டிப் பதப்படுத்திய பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை. வடிவம் மாறும் அந்த முதல் சூட்டில் வேகம் சற்றுக் குறைந்தாலும் குறி பிசகவில்லை. ஆகவே அதை இலக்கு அட்டையிலேயே சுடலாம், வீணில்லை.

அப்புறம் கொள்ளளவு. சுட்ட கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை, சுட்ட பழையதை, அப்படியே விட்டு, சொட்டு மருந்துக் குழாயால் வாய் தட்டையாக நிற்கும்வரை தண்ணீர் விட்டுத் தராசில் வைத்தேன். ஹார்னெட்டில் 14 கிரெய்னை ஒட்டி, அதாவது ஒரு கிராமுக்கும் குறைவு. கே-யில் பதினைந்தரைக்குப் பக்கம். பதினோரு சதவீதம் கூடுதல்.

மருந்து நிரப்புபவர்கள் மத்தியில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: அழுத்தம் மாறாமல் கொள்ளளவு 4 சதவீதம் கூடினால் வேகம் 1 சதவீதம் கூடும். அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைக்க வேண்டியது வினாடிக்கு 70 அடிக்குச் சற்று மேல். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் ஏறக்குறைய 120 அடி வந்தது. மீதி கூட்டின் வடிவத்தால் வந்ததல்ல, அழுத்தத்தால் வந்தது. கையேடுகளில் கே-யின் வேகம் இருநூறு அடி அதிகம் என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் ரைஃபிள் பழையது, அதனால் நான் அந்த உச்சத்துக்குப் போகவில்லை. 150 கஜத்தில் குண்டின் இறக்கம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதை நம்பி எந்தக் கொயோட்டையும் (ஓநாய் இன விலங்கு) கூடுதல் தூரத்தில் குறிபார்க்க மாட்டேன்.

வேகம்தான் வேண்டும் என்றால் 1950-இல் வந்த .222 ரெமிங்டனையோ அதற்குப் பிந்தைய .223-ஐயோ வாங்கிவிடலாம், கே-ஹார்னெட் எவ்வளவு முக்கினாலும் அவற்றை எட்டாது.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. கழுத்து நீள்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பு சில சூடுகளுக்கு ஒருமுறை வெட்டும் கருவியை எடுத்தாக வேண்டும். இப்போது நீளம் அளக்கும் காலிப்பரை வைத்துப் பார்க்கிறேன், முள் அசைவதே இல்லை. இத்தனைக்கும் அதே மெல்லிய பித்தளைதான். கூடு நிஜமாகவே அதிக நாள் உழைக்கிறதா என்பது இன்னும் சில சுற்று நிரப்பிய பிறகுதான் தெரியும். செலவு என்று பார்த்தால் சேம்பரைக் குடையும் ரீமர் வேலைக்கான கூலி, சுட்ட கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் புதிய டைகள், குழலில் தோட்டாவின் பெயரை மாற்றிப் பொறித்தது. பழைய டைகளை விற்கப் போட்டிருக்கிறேன். மிச்சமிருக்கும் ஹார்னெட் பெட்டிகளைச் சுட்டு உப்பவைக்கும் வேலை வார இறுதிகளுக்கு இருக்கிறது.