தகவல் தருபவர்: மகள்

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சின்னதாக மூன்று கட்டங்கள் இருக்கும். தகவல் தருபவர் யார், நோயாளிக்கு என்ன உறவு, சொல்வதை நம்பலாமா. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் அந்தக் கட்டங்களில் 'மகள், வயது 9, நம்பலாம்' என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மருத்துவர் கேட்டதற்கெல்லாம் அம்மா வாயைத் திறக்கும் முன்பே மகளிடமிருந்து பதில் வந்தது. "மூணு ராத்திரியா தூங்கல சார். மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு அப்புறமா துப்பிடுறாங்க. செவ்வாக்கிழமை மத்தியானத்துலேர்ந்து ஜன்னலத் திறக்க விடமாட்டேங்கறாங்க." பெரியவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார்கள். "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் மருத்துவர். நானும் தலையாட்டினேன். வெளியே நோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. இப்படி ஒரு பிள்ளை கூட வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இது எனக்கு உறைக்க நாலைந்து மாதம் ஆயிற்று.

அப்போது அம்மா வார்டில் இருந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளிடம் உன் சிநேகிதி யார் என்று கேட்டேன். "எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தான் மிஸ்." ஒரு பேர் சொல்லேன் என்றதும் யோசித்து யோசித்து வகுப்பு ஆசிரியையின் பெயரைச் சொன்னாள். சரி, கடைசியாக யாரோடு சண்டை போட்டாய்? "நான் சண்டையே போட மாட்டேன்." அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இன்று ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். ஒன்பது வயதில் காய் விடுவதும் பழம் விடுவதும்தான் பிள்ளைகளின் முழுநேர வேலை. கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வருவாள், நான் அழுதாலும் உலகம் அப்படியே இருக்கும், வேண்டாம் என்று சொன்ன பிறகும் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அந்தச் சண்டைகளில்தான் படிகிறது. என் ஒரு வார்த்தையில் அம்மாவுக்கு நோய் திரும்பிவிடும் என்று நம்பும் பிள்ளைக்கு (பல பிள்ளைகள் அப்படித்தான் நம்புகிறார்கள், சில வீடுகளில் பெரியவர்களே சொல்லியும் வைக்கிறார்கள்) ஒத்திகை பார்க்கவே இடமில்லை. அவள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு முகத்தைப் படிக்க. அதில் அவள் மேதை. மைதானத்தில் இருபது முகங்கள் ஒரே நேரத்தில் மாறும்போது அந்த மேதைமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த 'அசையா முகம்' சோதனை எங்கள் துறையில் பலருக்கும் தெரியும். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி திடீரென முகத்தை இறுக்கிக்கொண்டு சும்மா பார்ப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்கள் பார்ப்பவருக்கே வயிற்றைப் பிசையும். ஆனால் ட்ரோனிக் பிறகு எழுதியவற்றில் எனக்குப் பயன்பட்டது வேறொன்று. நல்ல தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லையாம். பிசகுகிறார்கள், பிறகு சரிசெய்துகொள்கிறார்கள். குழந்தை கற்பது அந்தச் சரிசெய்தலைத்தான். ஆக, நோயுள்ள தாயிடம் நான் பழுதற்ற தாய்மையைத் தேட வேண்டியதில்லை. பிசகிய பிறகு திரும்பி வர முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

திரும்பி வர முடியாமல் செய்வது எப்போதும் நோய் மட்டுமல்ல. மனச்சிதைவில் உணர்ச்சி முகத்துக்கு வராமல் போவது உண்டு. அதற்குக் கொடுக்கும் சில மருந்துகளும் முகத் தசைகளை இறுக்கி முகமூடி போட்டது போலாக்கிவிடும். ஒரு நான்கு வயதுப் பையன் தாயின் கன்னத்தை இரண்டு விரலால் மேலே இழுத்துச் சிரிப்பாக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவருக்குச் சிரிக்க ஆசைதான், முகம் வரவில்லை. அன்று ரவுண்ட்ஸில் அந்த விரல்களைப் பற்றித்தான் பேசினேன். நடுக்கம் இருக்கிறதா, நடை தளர்ந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு மருத்துவர் மருந்தை மாற்றினார். மருந்தின் அளவும் குழந்தை வளர்ப்பில் சேர்ந்தது என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

எல்லாவற்றையும் வீட்டின் மேல் போடவும் கூடாது. டென்மார்க்கில் ஏழு வயதுப் பிள்ளைகள் 522 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. பெற்றோருக்கு மனச்சிதைவு உள்ள பிள்ளைகள், இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் எகிறியும் சில காலம் சோர்ந்தும் போகும் நோய்) உள்ளவர்களின் பிள்ளைகள், இரண்டும் இல்லாதவர்களின் பிள்ளைகள் என்று மூன்று குழுக்கள். முதல் குழுவினர் கவனம், நினைவு, தகவலைக் கையாளும் வேகம் போன்றவற்றில் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். இருமுனைக் குழு பெரும்பாலும் மூன்றாம் குழுவை ஒத்தே இருந்தது. இதைப் படித்தபோது எங்கள் சனிக்கிழமைக் குழுவில் இருந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். நோயாளிகளின் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட விடுவோம், அவ்வளவுதான் அந்தக் குழு. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு இவன் சிரிப்பான். விதியை மாற்றிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள், இவன் பழைய விதியில் நிற்பான். கூச்சம், வளர்ப்பு சரியில்லை என்று எழுதியிருந்தோம். உண்மையில் அரை நொடி தாமதம். குழந்தைகளின் உலகத்தில் அரை நொடி பெரிய தூரம். மெதுவான ஆட்டங்களைக் கொடுத்து, கூட இருவரை மட்டும் விட்டோம். அவனுக்குப் பேச்சும் வந்தது, சேட்டையும் வந்தது.

இருமுனைக் கோளாறு உள்ள ஒரு தந்தையின் மகன் வேறு மாதிரி. அப்பாவுக்கு மனம் எகிறியிருக்கும் வாரங்களில் வீடு திருவிழா, வாக்குறுதிகள் கொட்டும். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பார். யாராவது விளையாடக் கூப்பிட்டால் அந்தப் பையன் உடனே வரமாட்டான். மூன்றாம் முறை கூப்பிடுகிறார்களா என்று காத்திருப்பான். எந்தப் பிள்ளை மூன்று முறை கூப்பிடும்?

என் தவறு ஒன்றைச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. அந்த ஒன்பது வயதுப் பெண்ணின் பள்ளிக்கு நானே போனேன். அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தேன், அவளிடம் கேட்கவில்லை. ஆசிரியையிடம் வீட்டு நிலைமையைச் சொன்னேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நல்ல மனதோடுதான் பார்த்துக்கொண்டார். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் இவளை மட்டும் திட்டுவதில்லை. இவளை மட்டும் ஏன் விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்க, பத்து நாளில் வகுப்புக்கே தெரிந்தது. அடுத்த முறை ஓபிக்கு அம்மா தனியாக வந்தார். மகள் எங்கே என்றேன். "உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா" என்றார். அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த ரகசியம் ஒன்றுதான், அதையும் நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இப்போது முதலில் பிள்ளையிடம் கேட்கிறேன்: யாருக்குத் தெரியலாம், எவ்வளவு தெரியலாம், சொல்வது நீயா நானா? பிறகு அவர்களே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியத்தைச் சேர்ந்து செய்கிறோம். "எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அதனால சில நாள் வீட்டுக்கு யாரையும் கூப்பிட முடியாது." பொய்யும் இல்லை, முழுக்கதையும் இல்லை. இந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் ஒரு பிள்ளை நட்புக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன்.

வளர்ந்த பிள்ளைகளின் கேள்வி ஒன்றுதான். பதினைந்து வயதுப் பையன் மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டான்: "எனக்கும் வருமா மேடம்?" மழுப்பாமல் சொன்னேன். பொதுவில் மனச்சிதைவு வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10 பேருக்கு. இருவருக்கும் இருந்தால் 40 பேர் வரை. மனச்சோர்வு போன்ற வேறு சிக்கல்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். கஞ்சா பக்கம் போகாதே, தூக்கத்தைக் கெடுக்காதே. அவன் கணக்குப் போட்டான். "என்னை மாதிரி முப்பது பேர் ஒரு கிளாஸ்ல இருந்தா மூணு பேர்." மூன்று பேரின் முகத்தைத் தேடுவது போலப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை ஒரு பெண்ணோடும் பேசாமல், நண்பர்களையும் தள்ளியே வைத்திருந்தது எதற்கு என்று அப்போதுதான் சொன்னான்: "பின்னாடி அவங்களுக்குக் கஷ்டம்."

நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குச் சிறு பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு என்ன தேவை என்று பார்ப்பது மருத்துவப் பணியாளர்களின் சட்டக் கடமை. சட்டத்துக்குக் காத்திராமல் எங்கள் கேஸ் ஷீட்டில் 'பிள்ளைகள்: 2' என்று முடிந்துவிடும் வரிக்குக் கீழே ஒரு கேள்வியைப் பேனாவால் எழுதிச் சேர்த்தேன்: அம்மா படுத்துவிட்டால் பிள்ளை யாரைக் கூப்பிடும்? பெற்றோர் இதற்குப் பதில் சொல்லவே பயப்படுகிறார்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அது தீரும்வரை வேறெதுவும் பேச முடியாது, பேசியும் பயனில்லை.

அந்தப் பெண் நான்கு வருடம் கழித்துத்தான் என் முன்னால் வந்தாள். அம்மாவோடு வந்தவள் நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள். சிநேகிதி ஒருத்தி இவள் சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டாளாம். மூன்று நாளாகப் பேச்சு இல்லை. "அவளே வந்து பேசட்டும், நான் பேச மாட்டேன்." இடையில் மருத்துவர் தலையை நீட்டி, ராத்திரித் தூக்கம் எப்படி என்று வழக்கம்போல இவளைக் கேட்டார். இவள் காதில் விழவில்லை. பின்னால் நின்ற அம்மாதான் சொன்னார்: "அஞ்சு மணி நேரம் தூங்கினேன் டாக்டர்."

கேஸ் ஷீட்டை இழுத்து, முதல் கட்டத்தில் 'நோயாளி' என்று எழுதினேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.