கியர்பாக்ஸை இறக்கும் முன்

“கியர் விழ மாட்டேங்குது” என்று வண்டி வந்ததும் கியர்பாக்ஸை இறக்குவதில்தான் பல பட்டறைகள் குறியாக இருக்கின்றன. மேனுவல் கியர் வண்டியில் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும். எந்த கியர், காலையில் மட்டுமா, வண்டி சூடான பிறகா, அண்மையில் கிளட்ச் வேலை நடந்ததா? இதைக் கேட்டுவிட்டு இன்ஜினை அணைத்து எல்லா கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். அணைத்த நிலையில் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது இன்ஜினை கியர்பாக்ஸிலிருந்து முழுதாகப் பிரிக்கவில்லை.

அதை ரிவர்ஸ் காட்டிக்கொடுக்கும். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. நியூட்ரலில் கிளட்சை அடிவரை மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) நின்றிருக்க வேண்டும். அப்போதும் கர்ரென்று கடித்தால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது மிதித்த பிறகும் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. முதலில் பெடலுக்கு அடியில் பாருங்கள். தடித்த மேட் ஒன்றே பெடலை முழுதாக இறங்கவிடாமல் செய்யும். (மேட்டை எடுத்ததற்கு பில் போட முடியாது என்பது வேறு விஷயம்.) ஆல்டோ, வேகன் ஆர் போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) கூடிவிட்டால் கிளட்ச் பிளேட் முழுதாக விடாது. பொதுவாக அது 10 முதல் 25 மி.மீ.க்குள் இருக்கும்; சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். ஹைட்ராலிக் கிளட்சில் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) பெடலை இரண்டு மூன்று தடவை பம்ப் செய்த பிறகு கியர் விழுந்தால், லைனில் காற்று, அல்லது சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்மானம். கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால், கசிவு இருந்தால் ஈரம் தெரியும்.

இன்ஜினை அணைத்தும் கடினமாக இருந்தால், பெட்டியின் முனையில் செலக்டர் கேபிள்களை (கியர் லீவரிலிருந்து வருபவை) கழற்றிவிட்டு அங்குள்ள லீவரைக் கையால் அசைக்க வேண்டும். அது இலகுவாகப் போனால் குற்றம் கேபிளிலோ அதன் முனையில் உடைந்த பிளாஸ்டிக் புஷ்ஷிலோ (இணைப்பு வளையம்).

ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால்தான் சிங்க்ரோ ரிங்கைச் சந்தேகிக்கலாம். வழக்கமாக முதலில் தேய்வது இரண்டாவது. நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ் கியர் போட்டால் கடிக்கவில்லையென்றால் சந்தேகம் உறுதி. ஆனாலும் இறக்கும் முன் ஆயிலை வடித்துப் பார்ப்பது நல்லது. டிரெய்ன் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை சகஜம். ஆயிலில் பித்தளை மினுமினுப்பு இருந்தால் ரிங் தேய்கிறது. இரும்புத் துணுக்கு வந்தால் பல் போயிருக்கிறது. ஜிஎல்-4 (கியர் ஆயிலின் ஒரு தரம்) கேட்கும் பெட்டியில் “இது அதைவிட உசத்தி” என்று ஜிஎல்-5 ஊற்றுவது பரவலான தவறு. சிங்க்ரோவுக்கு உராய்வு வேண்டும். ஜிஎல்-5இல் கூடுதலாக உள்ள சேர்மானங்கள் அதைக் குறைக்கும், சில வகைகள் பித்தளையையும் அரிக்கும்.

கியர் தானாகக் கழன்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு). ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது கியர் லீவரும் சேர்ந்து துள்ளுகிறதா என்று கவனியுங்கள். மவுண்டும் கேபிளும் சரியாக இருந்தால்தான் டிடென்ட் ஸ்பிரிங் (கியரை இடத்தில் பிடித்து வைப்பது), ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவை), டாக் பல் (கியரைப் பூட்டும் பல்) என்று உள்ளே போக வேண்டும்.

கிளட்ச் மாற்றிய கையோடு கியர் விழவில்லையென்றால் காரணங்கள் வேறு: பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கும், அல்லது ஸ்பிளைனில் (அது நழுவிச் செல்லும் ஷாஃப்டின் வரிப்பற்கள்) இறுகியிருக்கும். கியர்பாக்ஸை ஏற்றும்போது போல்ட் பிடிப்பதற்குள் அதன் எடையைப் பிளேட்டின் ஹப்பில் (நடுப்பகுதியில்) தொங்கவிட்டாலும் புதுப் பிளேட் வளைந்துவிடும். அந்த வண்டியில் எத்தனை தடவை பிளீட் செய்தாலும் (லைனிலிருந்து காற்றை வெளியேற்றினாலும்), கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் ரிவர்ஸ் கடிக்கத்தான் செய்யும். மறுபடி இறக்கியே ஆக வேண்டும்.