தறி நின்றாலும் நிற்காத சத்தம்

சோமனூர்ப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாக எட்டு விசைத்தறி. தறி ஓட்டும் ஊரில் காது மந்தமாவதை யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. கத்திப் பேசுவதும் கை ஜாடையும் தொழிலோடு வந்தவை. எனக்கு வந்தது வேறு மாதிரி. கரண்ட் போய் எல்லாத் தறியும் நின்றால் இரண்டு காதிலும் 'ஙொய்' என்று ஒரு விசில். முதலில் லீவு நாளில் மட்டும் கேட்டது, அப்புறம் தினமும் ராத்திரி படுத்தவுடன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கேள்விகள்: ஒரு காதிலா, இரண்டிலுமா? நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா? தலைசுற்றல் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ஆஸ்பிரின் அதிக அளவில் எடுத்தாலும் காதில் இரைச்சல் வருமாம். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடியோடு சேர்ந்து அடித்தாலோ ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும் என்றார். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுக்கத் தறிக் குடோனிலிருந்து நேராக வராதீர்கள் என்றார்கள். சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் காது தற்காலிகமாக மந்தமாகி, கணக்கு தப்பாக வரும். அதனால் ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலையில் போனேன். சின்ன அறை, ஹெட்போன், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வரைபடத்தில் கீச்சென்ற ஒலிகள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் இறங்கி, 8000-ல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதின் அடையாளமே அந்தப் பள்ளம்தானாம்.

அடுத்து, என் விசிலுக்கு இணையான ஒலியைத் தேடிப் பிடித்தார்கள். ராத்திரி முழுக்கத் தலையைக் குடைகிற அந்தச் சத்தம், நான் கேட்கக்கூடிய மிகச் சின்ன ஒலியைவிட ஒருசில டெசிபல்தான் அதிகம்! முதலில் நம்பவே முடியவில்லை. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, அங்கிருந்து மூளைக்குப் போகும் தகவலும் குறைந்துவிடும். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் நாம் வால்யூமைக் கூட்டுகிற மாதிரி மூளையும் கூட்டிப் பார்க்கிறது. அந்த இரைச்சல்தான் இது என்று விளக்கினார்கள். இதை அடக்க மாத்திரை இல்லை என்பதையும் டாக்டர் அன்றைக்கே நேராகச் சொல்லிவிட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. காது இரைச்சலுக்கு என்று விற்கிற, ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரையை யாரோ சிபாரிசு செய்தார்கள், வாங்கவில்லை.

மாறியது என் ராத்திரிதான். நிசப்தமான அறையில்தான் இது கொட்டமடிக்கும். அதனால் மார்கழிக் குளிரிலும் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடுகிறேன், இல்லையென்றால் போனில் மழைச் சத்தம். விசிலை முழுதாக மூடும் அளவுக்கு வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும், அப்போதுதான் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகும். சில மாதங்கள் பிடித்தது. இப்போதும் தூக்கம் கெட்டாலோ, நூல் பில் பாக்கி நினைப்பு வந்தாலோ விசில் ஏறும். சத்தம் போகவில்லை, அதைக் கண்டு பயம்தான் போயிற்று.

மிச்சமுள்ள காதைக் காப்பதுதான் பெரிய வேலை. போன் செயலியில் எங்கள் குடோன் 97, 98 டெசிபல் காட்டுகிறது. துல்லியம் இல்லாவிட்டாலும் ஒரு மதிப்புக்கு ஆகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது ஒரு கணக்கு. அப்படிப் பார்த்தால் 97-க்கு அரை மணி நேரம்தான். நம் ஊர்த் தொழிற்சாலை விதிகள் 90 வரை விடுகின்றன, அதையும் நாங்கள் தாண்டிவிட்டோம்.

காதில் கழிவுப் பஞ்சைத் திணிப்பது எங்கள் ஊர் வழக்கம். அது அவ்வளவாகப் பயன்படாது. ஃபோம் அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அதைக் குடோனில் மட்டும்தான் போடுகிறேன். வீட்டிலும் போட்டால் வெளிச்சத்தம் குறைந்து விசில் தூக்கலாகக் கேட்கும்.

தறி ஓட்டுபவர்கள் முதலில் மறுத்தார்கள்: 'நூல் அறுந்தா எப்படிங்கண்ணா தெரியும்?' சத்தம் குறையுமே தவிரத் தறியின் தாளம் மாறினால் தெரியத்தான் செய்யும். இப்போது இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். மூன்றாமவர் பஞ்சைத்தான் நம்புகிறார். அடுத்த ஆடியோகிராமுக்கு அவரையும் கூட்டிப் போவதாக இருக்கிறேன்.