ரெனே க்ரூவோவின் கறுப்புக் கோடு

ஃபேஷன் என்றாலே இப்போது எல்லோருக்கும் புகைப்படம்தான். சரி, ஃபேஷன் ஓவியர் ரெனே க்ரூவோ வரைந்த மிஸ் தியோர் விளம்பரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். 1947இல் வந்த சென்ட் அது. ஆனால் படத்தில் பெண்ணே கிடையாது, ஒரு வெள்ளை அன்னம், கழுத்தில் முத்துமாலை, கறுப்பு ரிப்பன் முடிச்சு, அவ்வளவுதான். க்ரூவோ இத்தாலியின் ரிமினியில் 1909இல் பிறந்தவர், அம்மாவின் பிரெஞ்சுக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார். தடித்த கறுப்புக் கோடு, எங்கோ ஒரு திட்டுச் சிவப்பு, மீதித் தாளை அப்படியே விட்டுவிடுவார். ரூஜ் பெசே லிப்ஸ்டிக் விளம்பரத்தில் அந்தப் பெண்ணின் கண்ணையே கறுப்புத் துணியால் கட்டிவிட்டார், பார்ப்பவர்களுக்கு உதட்டைத் தவிர வேறு போக்கிடமே இல்லை! காசு கொடுத்தவர்கள் எப்படித்தான் சம்மதித்தார்களோ. பத்திரிகைகள் கேமரா பக்கம் சாய்ந்த பிறகும் மனிதர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 2004இல் ரோமில் காலமானபோது வயது 95.