வழிநடத்த ஒரு வினைச்சொல்

மார்ச் 3

ஸ்பானிஷில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள நான்கு வரிகள் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வரியிலேயே பேனா நின்றுவிட்டது: 'ஐந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்துகிறேன்.' அந்த ஒரு வினைக்கு அகராதியில் ஆறு சொற்கள் இருக்கின்றன.

மார்ச் 4

முதலில் 'லிதெரார்' என்று எழுதினேன். ஆங்கிலத்திலிருந்து போன 'லீதெர்' என்ற பெயர்ச்சொல்லில் பிறந்த வினை. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் அணிக்கும் அதே சொல்தான். என்னைப் பற்றி நானே அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

மார்ச் 6

'மனெஹார்' இத்தாலிய மொழி வழியாக வந்த சொல். அதன் வேரில் 'கை' இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் கார் ஓட்டுவதையும் இப்படியே சொல்கிறார்கள். ஸ்பெயினில் அதற்குக் 'கொந்துசிர்'. கருவியையோ பணத்தையோ கையாள்வதற்குப் பொருந்தும். மனிதர்களுக்குச் சொன்னால், 'ஆட்களைக் கையாளத் தெரிந்தவர்' என்று நாம் சொல்லும்போது வருகிற அதே தந்திர வாடை வந்துவிடுகிறது. என் குழுவினர்மீது அந்தச் சொல் விழ வேண்டாம். அடுத்த சொல் 'ஹெஸ்தியோனார்' எனக்கு அனுமதிகளையும் விண்ணப்பங்களையுமே நினைவூட்டுகிறது.

மார்ச் 9

நாள் முழுவதும் 'என்கபெசார்' மனத்தில் ஓடியது. 'கபெசா' என்றால் தலை. தமிழில் தலையிலிருந்து தலைமை வந்ததுபோலவே! ஊர்வலத்தின் முன்வரிசையில் நடப்பவர்களுக்கும், வேட்பாளர் பட்டியலின் முதல் பெயருக்கும் இந்த வினைதான். ஆனால் தமிழில் தலைமையை நாம் 'தாங்குகிறோம்'. அதில் சுமை இருக்கிறது. அந்தச் சுமையை ஸ்பானிஷில் தேடியபோது 'யெவார்' கிடைத்தது. பொருளை எடுத்துச் செல்வதும், கடை நடத்துவதும், வீட்டைக் கவனித்துக்கொள்வதும், கணக்கு வழக்குப் பார்ப்பதும் எல்லாம் 'யெவார்'தான். பதவியின் மிடுக்கே இல்லாத சொல். இதன்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

மார்ச் 12

ஆசிரியையிடம் காட்டினேன். "தினமும் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். யார் எதைச் செய்வது என்று முடிவெடுக்கிறேன், வரவு செலவும் பார்க்கிறேன் என்றேன். முதலாவதற்கு 'திரிஹிர்' என்றார். இசைக்குழுவையும் திரைப்படத்தையும் நிறுவனத்தையும் இயக்குவதற்கு உரிய வினை அது. இரண்டாவதற்கு என் 'யெவார்'!

ஒரு திருத்தமும் செய்தார். 'இயக்குகிறேன்' என்ற பொருளில் 'திரிஹோ' என்று எழுதும்போது 'ஹே' (g) எழுத்து 'ஹோத்தா'வாக (j) மாற வேண்டும். மாற்றாவிட்டால் 'திரிகோ' என்று படித்துவிடுவார்கள். மாற்றி எழுதி, உரக்கப் படித்தேன்: 'திரிஹோ உன் எகீப்போ தே சின்கோ பெர்சோனாஸ் இ யெவோ லாஸ் குவெந்தாஸ்.' ஐந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்துகிறேன், கணக்கு வழக்கும் பார்க்கிறேன்.